திரியாயில் கொம்பியூட்டர் பூட்டுகிறவருக்கு

சொந்தமாகக் கொம்பியூட்டர் பூட்ட வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் புரொசசரில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் வீட்டு எர்த்தைக் கேட்பேன். எர்த் இல்லாத வீட்டில் கேசிங்கைத் தொட்டால் விரல் சுணைக்கும். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்னக் கப்பாசிற்றர்கள் வழியாக 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி, மிகச் சிறிய கரண்டோடு, தகட்டுக்கு வந்து நிற்கும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். நம்முடையது மணல்தரை. கச்சான் காலத்தில் மேல்மணல் காய்ந்துவிடும். எர்த் கம்பி ஈரம் தட்டும் ஆழத்துக்கு இறங்க வேண்டும்.

சாமான் எடுக்கக் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறவர்கள், புரொசசரும் போர்டின் சொக்கெட்டும் பொருந்துமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பெயர் 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் புரொசசரில் படம் வராது, தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும். பிழை திரியாயில் தெரிந்தால் மாற்றிவர ஒரு நாள் போய்விடும்.

கைப்பழக்கம் எனக்கு ரவுணில் ரேடியோ திருத்திய ஓர் அண்ணரிடம் வந்தது. "ஏறாட்டி பலம் காணாது எண்டு நினைக்காத தம்பி, பக்கம் பிழை எண்டு நினை" என்பார். ராமின் வெட்டு நடுவில் இல்லை, சற்று ஒதுங்கியிருக்கும். அதைப் பார்த்து வைத்தால் இரண்டு பெருவிரல் அழுத்தத்தில் 'டக்' என்று உட்காரும். புரொசசருக்கு அந்த அழுத்தமும் கூடாது. மூலையிலுள்ள முக்கோணத்தைச் சொக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்து விரலை எடுத்துவிட வேண்டும். தன் பாரத்திலேயே அமரும். தேர்மல் பேஸ்ட் ஒரு பயற்றங்கொட்டை அளவு போதும்.

ஒரு பெடியன் பித்தளைக் கால்களைப் பூட்டாமல் போர்டை நேரே தகட்டில் வைத்து முறுக்கிவிட்டான். போர்டின் பின்பக்க ஈயமெல்லாம் இரும்பில் முட்டி, சுவிட்சை அமர்த்தினால் ஃபேன் ஒருமுறை துடித்து நின்றது. கழற்றி, போர்ட் வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தோம். புரொசசர், கூலர், ஒரு ராம், பவர் சப்ளை மட்டும். பவர் சுவிட்சுக்குரிய இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டதும் பயோஸ் திரை வந்தது. அன்றிலிருந்து என்னிடம் பழகுகிற எவரும் அட்டைப்பெட்டியில் ஓட்டிப் பார்க்காமல் கேசிங்குக்குள் ஏற்றுவதில்லை.

ஊர்க்காற்றையும் கணக்கில் எடுங்கள். கச்சானுக்குப் புழுதி, வாடைக்கு உப்பு. புழுதியை ஊதித் தள்ளலாம். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பீரம் தகட்டில் துருவாகவும் பின்களில் பச்சையாகவும் பூத்துவிடும். வாடை மாதங்களில் நாளுக்குக் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டும். விலை கூடின சாமான் என்று துணிபோட்டு மூடி வைத்த மெஷினைத்தான் இங்கே உப்பு முதலில் தின்னும்.