பிரஸ்ஸல்ஸில் சில நீர்க்கட்டிகள்

விசா விண்ணப்ப மையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமைசாலி. மூன்றாவது முறையும் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"மாநாட்டுக்குப் பதிவு செஞ்ச சீட்டு இருக்கும்ல சார், அதைக் குடுங்க."

"பதிவே கிடையாதுங்க. டிக்கெட்டும் கிடையாது. யார் வேணும்னாலும் நேரா உள்ள போகலாம்."

"கல்யாணத்துக்கே பத்திரிகை வைக்கிறாங்களே சார்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஷெங்கன் விசாவுக்கான 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கையில் இருந்தன. அழைப்பிதழ் மட்டும் இல்லை. தம்பிதான் பையிலிருந்து ஒரு கத்தையை எடுத்து உள்ளே தள்ளினான். மாநாட்டின் நிகழ்ச்சி நிரல். இரண்டே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரைகள் என்றால் அச்சடித்த கத்தை எவ்வளவு கனம் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்தார். பன்னிரண்டு நாளில் விசா வந்தது. எடைக்காகத்தான் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தம்பியின் கட்சி.

தம்பி என் உடன்பிறந்தவன் இல்லை. நாங்கள் இருவரும் மதுரையில் ஒரு மாடி அறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். கேட்பவர்கள் சில நூறு பேர். விளம்பரம் இல்லை, வருமானமும் இல்லை. பயணத்துக்குத் தம்பி தன் போனஸைப் போட்டான், நான் ஒரு சீட்டுப் பணத்தை எடுத்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஃபோஸ்டெம் என்பது மாநாட்டின் பெயர். 2000ஆம் ஆண்டில் ஓஸ்டெம் என்ற பெயரில் தொடங்கி, பிறகு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு. கொரோனாவுக்காக 2021, 2022 இரண்டு வருடமும் இணையத்தில் மட்டும் நடத்தினார்கள். நாங்கள் போனது 2025 பிப்ரவரி 1, 2 தேதிகளில், இருபத்தைந்தாம் ஆண்டுக்கு. எண்ணாயிரம் பேருக்கு மேல் வருவார்கள் என்று கணக்கு. ஆனால் வாசலில் தலையை எண்ண ஆள் கிடையாது.

நாங்கள் ஏன் போகவேண்டும்? பாட்காஸ்ட் என்பதே எந்த நிறுவனத்தின் சொத்தும் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவ் வைனர் ஆர்.எஸ்.எஸ். என்னும் இணைய ஓடையில் ஒலிக்கோப்பைக் கோத்து அனுப்ப ஒரு வழி செய்தார். இன்றும் பாட்காஸ்ட் அந்த வாய்க்காலில்தான் ஓடுகிறது. நாங்கள் எடிட் செய்யும் ஆடாசிட்டி, கோப்பைச் சுருக்கும் ஓபஸ், கேட்பவர் போனில் இருக்கும் ஆண்டெனாபாட் எல்லாமே கட்டற்றவை. நான்கு வருடமாக இவற்றைக் கையாண்டும், இப்படி ஒன்றை எழுதிய ஒருவரின் குரலைக்கூட எங்கள் நிகழ்ச்சியில் ஒலிக்கவிட்டதில்லை. சமையல்காரரைப் பார்க்காமலே பந்தியில் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு கூச்சம் இருந்தது.

சனிக்கிழமை காலை 71ஆம் எண் பேருந்து பிதுங்கி வழிந்தது. பெரியார் நிலையத்தில் ஏறிப் பழகியவர்களுக்கு அது ஒரு கூட்டமே இல்லை. ஆனால் பயணிகள் அத்தனை பேரும் முதுகில் மடிக்கணினிப் பையோடு, ஏதாவது ஒரு மென்பொருளின் பெயர் போட்ட சட்டையோடு நின்றார்கள். ஒரு திட்டத்தில் எத்தனை பேர் பேருந்தில் அடிபட்டால் திட்டம் படுத்துவிடும் என்ற எண்ணிக்கையை மென்பொருள்காரர்கள் 'பஸ் ஃபேக்டர்' என்பார்கள். "அண்ணே, இந்தப் பஸ்ஸுக்கு ஒண்ணுன்னா இன்டர்நெட்டே போச்சு" என்றான் தம்பி. வாயைக் கழுவச் சொன்னேன்.

மாநாடு நடக்குமிடம் பிரஸ்ஸல்ஸ் லீப்ர் பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகம். 1834இல் தொடங்கியபோது, திருச்சபையின் பிடிக்கு வெளியே நிற்பது என்ற பொருளில்தான் பெயரில் 'லீப்ர்' வைத்தார்கள். கட்டற்ற என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ஆங்கிலக்காரருக்கு இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே அவர்களுக்குப் பாதி மாநாடு ஓடிவிடுகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்றால் கலர் டிவி, மிக்ஸி, கட்டற்ற என்றால் வேறு. இத்தனை சுதந்திரமான பல்கலைக்கழகமும் மொழிச் சண்டையில் 1970இல் பிரெஞ்சுக்கு ஒன்று, டச்சுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தது. ஊர் முழுக்கத் தெருப்பெயர்கள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போகிறவனுக்கு அந்தப் பலகைகளைப் பார்த்ததும் ஒரு வீட்டு நெருக்கம் வந்துவிடுகிறது.

கே கட்டடத்தின் நடைவழிகளில் ஸ்டால்கள். ஒரு மேசை, ஒரு துணி, சில ஸ்டிக்கர்கள், பின்னால் அந்த மென்பொருளைச் செய்தவர்களே நிற்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி யாரும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நகர்வதுபோல நகர வேண்டியிருந்தது. வைஃபையில் இரண்டு பெயர்கள் தெரிந்தன. புதிய முகவரி முறையில் மட்டும் இயங்கும் ஒன்று, பழைய கருவிகளுக்காக 'ஏன்ஷியன்ட்' என்று வால் சேர்த்த இன்னொன்று. என் போன் எதில் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

முதல் பேட்டி ஆரஞ்சு வெள்ளைக் கூம்புத் தொப்பி அணிந்த ஒருவரோடு. வி.எல்.சி.யின் ஆள். நம் ஊரில் படம் பார்க்கிற கணினி எதிலும் அந்தக் கூம்பு இருக்கும். 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் விடுதிக்குள் வீடியோ பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. 2001இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். தெருவில் வைத்திருக்கும் கூம்புகளை விடுதிக்குத் தூக்கிவந்து சேர்த்த பழக்கத்திலிருந்துதான் அந்தச் சின்னம். 2025 ஜனவரியில் பதிவிறக்கங்கள் 600 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்திருந்தார்கள். அந்த மனிதர் இருபது நிமிடம் பேசினார், சிரித்தார், எங்கள் இருவர் தலையிலும் காகிதக் கூம்பு ஏற்றினார்.

எங்கள் ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அது காத்திருக்கிறது என்று பொருள். இன்னொரு முறை அமுக்கி, விளக்கு நின்று எரிந்தால்தான் பதிகிறது. இது எனக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

இருபது நிமிடமும் அது மினுக்கிக்கொண்டே இருந்தது. தம்பி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. கூம்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பிப் போனபோது அவர் ஏதோ ஓர் அரங்குக்குப் போயிருந்தார்.

உரைகளுக்குப் போய் ரெக்கார்டரை நீட்டுவதில் அர்த்தமில்லை என்பதும் அன்றே விளங்கியது. எல்லா அறைகளிலும் தன்னார்வலர்களே படம்பிடிக்கிறார்கள், உடனுக்குடன் ஒளிபரப்புகிறார்கள், பிறகு எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். மதுரை மாடியறையிலிருந்தே பார்க்கலாம். தவிர, பாதி அறைகளின் கதவில் இடமில்லை என்று எழுதி ஒட்டியிருந்தது. தீயணைப்பு விதி, நின்றுகொண்டு கேட்கவும் விடமாட்டார்கள். ஆகவே வெளியே நிற்பவர்களைப் பிடித்தோம். மூன்றில் ஒருவர் மறுத்தார். பேசுகிறேன், பெயர் வேண்டாம் என்றவர்களும் உண்டு. தங்கள் குரல்மேல் இவ்வளவு கவனமாக இருப்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நல்ல பழக்கம்தான், பேட்டி எடுக்கிறவனுக்கு மட்டும் கஷ்டம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உருளைக்கிழங்கு வறுவலுக்கு அரைமணி வரிசையில் நின்றேன். எந்த எண்ணெய் என்று கேட்டேன். மாட்டுக் கொழுப்பு, இரண்டு முறை பொரிப்போம் என்று பெருமையோடு சொன்னார் கடைக்காரர். இரண்டு நாளும் வாஃபிளில் ஓடின.

ஞாயிறு காலை ஒரு ஜெர்மானியர் கிடைத்தார். ஐம்பது வயதிருக்கும். ஒலிக்கோப்புகளைப் படிக்க உதவும் சின்ன மென்பொருள் நூலகம் ஒன்றைப் பதினொரு வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். எந்தெந்தச் செயலிகளில் அது இருக்கிறது என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. பகலில் வேறு வேலை, இரவில் இது. உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. இம்முறை விளக்கு நின்று எரிந்தது. அந்த மௌனம் ஒன்பது நொடி, அதை நாங்கள் வெட்டவில்லை. பிறகு அவர் சொன்னது இதுதான்: உதவிக்கு ஆள் வந்தால் முன்பு மகிழ்ச்சி வரும், இப்போது முதலில் பயம்தான் வருகிறது.

2024இல் நடந்ததைத்தான் சொன்னார். எக்ஸ்.இசட். என்ற, கோப்பைச் சுருக்கும் மென்பொருளையும் ஒருவரே பல வருடமாகப் பார்த்துவந்தார். அவர் களைத்திருந்த நேரத்தில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக உழைத்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் உள்ளே ஒரு கள்ளவாசலை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளருக்குத் தன் கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகம் வந்தது. மார்ச் 29 அன்று அவர் அதை வெளியே சொல்லியிருக்காவிட்டால், உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதிக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும். வைத்தவர் உண்மையில் யார் என்று இன்றுவரை வெளிவரவில்லை.

மாநாட்டு நடைவழியில் அதிகம் அடிபட்ட இன்னொரு பேச்சு, அதே ஊரில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம். 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது, முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில்தான் கட்டுப்படுத்தும். மென்பொருளை விற்பவர் அதன் ஓட்டைகளுக்குப் பொறுப்பு என்பது சாரம். காசு வாங்காமல் எழுதுகிறவர் தலையில் இது விழுமா என்ற பதற்றத்தில், கட்டற்ற மென்பொருளைப் பேணும் அமைப்புகளுக்கென்று 'ஸ்டூவர்ட்' என்று தனி வகையே சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். சட்டத்துக்கு இவர்கள் இருப்பது தெரிந்துவிட்டது என்று ஒருவர் மகிழ்ந்தார். தெரிந்ததுதான் ஆபத்து என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கு இரண்டாமவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

அன்றிரவு விடுதி அறையில் எடிட் வேலையில் உட்கார்ந்தோம். பேட்டியெல்லாம் ஆங்கிலத்தில். அடியில் அந்தக் குரலை மெதுவாக ஓடவிட்டு, மேலே தமிழில் பேசுவது எங்கள் வழக்கம். ஜெர்மானியர் தன்னைச் சொல்லிக்கொண்ட 'மெயின்டெய்னர்' என்ற சொல்லில் வண்டி நின்றது.

"பராமரிப்பாளர்னு போடு" என்றேன்.

"அண்ணே, அது அபார்ட்மெண்ட்ல மோட்டார் போடுறவரு மாதிரி இருக்கு."

"பொறுப்பாளர்?"

"கட்சியில மாவட்டப் பொறுப்பாளர்."

கொஞ்சநேரம் கழித்து அவனே சொன்னான். "எங்க தாத்தா நீர்க்கட்டிண்ணே."

தம்பிக்கு மேலூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசன ஊர். அங்கே மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எப்போது என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் நீர்க்கட்டியின் வேலை. கண்மாய் அவருடையது இல்லை. பெரும்பாலும் வயலும் கிடையாது. தண்ணீர் ஒழுங்காக வரும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை, வராவிட்டால் ஊரே அவர் வீட்டு வாசலில் நிற்கும். அறுவடை முடிந்து களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். எக்ஸ்.இசட். கதையை இதில் வைத்துப் பார்த்தேன். களைத்துப்போன நீர்க்கட்டியிடம் அசலூர்க்காரன் ஒருவன் இரண்டு வருடம் கூடமாட வேலை செய்து மடைச்சாவியை வாங்கிக்கொண்டான். விளக்கமே தேவைப்படவில்லை. பேட்டி முழுக்க நீர்க்கட்டி என்றே பேசினோம்.

அந்தப் பகுதி வெளியானதும் தம்பியின் அப்பா போனில் கேட்டிருக்கிறார். அவருக்கு மென்பொருள் தெரியாது, வி.எல்.சி. தெரியும். கேட்டு முடித்துவிட்டு மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எல்லாம் சரிடா, அந்த ஆளுக்கு நெல்லு யாரு அளக்குறா?"

மார்ச் மாதத்திலிருந்து நாங்கள் அந்த ஜெர்மானியருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறோம். வெளிநாட்டுக்கு அனுப்புவதால் வங்கிக் கட்டணம் தனி.