அக்காவுக்குச் சீனத்திலும் ஒரு சொல் இருக்கு

போன வருசம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சீன மொழிப் பாடம் தொடங்கியது. இங்கே மெல்போர்னில் ஆரம்பப் பள்ளிகளிலேயே ஏதாவது ஒரு வேற்று மொழி கற்பிப்பார்கள். எங்கட பள்ளியில் அது மாண்டரின். மகள் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். அம்மாவின் முகம்தான் மாறியது.

"தமிழே ஒழுங்கா வராத பிள்ளைக்குச் சீனம் என்னத்துக்கு?"

நான் பேசாமல் இருந்தேன். நான் இங்கேயே பிறந்தவள். அம்மா தமிழில் கேட்பா, நான் இங்கிலீஷில் பதில் சொல்லுவேன். அப்படித்தான் வளர்ந்தேன். மகள் அதற்கும் ஒரு படி கீழே. அம்மம்மா ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்க்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை இரண்டு தவணையோடு நிறுத்தியதும் நான்தான். நீச்சல் வகுப்பும் அதே நேரம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

சீன வீட்டுப்பாடத்துக்கு மட்டும் கூட இருந்தேன். எனக்கும் தெரியாத பாடம், அதனால் வெட்கம் இல்லை. முதல் நாளே மாட்டிக்கொண்டேன். 'மா' என்பதை ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா. இறக்கி ஏற்றினால் குதிரை. வெட்டி இறக்கினால் திட்டுவது. "நீங்க உங்கட அம்மாவைக் குதிரை எண்டு சொல்லிட்டீங்க" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை சீனம் படித்தால், எங்களுக்கு உதவியதைச் சொல்கிறேன். முதலில் பினின், அதாவது சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை. 1958இல் சீன அரசு ஏற்றது. ஆங்கிலம் போல வாசித்தால் பிழைக்கும். 'சி' எழுத்துக்கு 'த்ஸ்' என்ற ஒலி. அடுத்தது பிளெகோ அகராதிச் செயலி. பினினில் தட்டினால் எழுத்தும் பொருளும் வரும். நூலகத்தில் இருமொழிப் படப் புத்தகங்களைக் கேளுங்கள். பெப்பா பிக் கார்ட்டூன் சீனத்திலும் இருக்கு. கதை ஏற்கெனவே தெரிந்ததால் பிள்ளை பயப்படாது. எழுத்துகளைப் படமாகக் காட்டுங்கள்: மர எழுத்து ஒன்று என்றால் மரம், இரண்டு சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு.

உறவுமுறைப் பாடம் வந்தபோதுதான் வீடு மாறியது. ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்றால் மூத்தவளா இளையவளா தெரியாது. சீனத்தில் அக்கா 'ஜியேஜியே', தங்கச்சி 'மேமே'. அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறொரு சொல், அம்மாவின் சகோதரனுக்கு இன்னொன்று. அம்மம்மா 'வாய்ப்போ', அப்பம்மா 'நைநை'. மகள் குழம்பிப்போய், "ஏன் இவ்வளவு?" என்றாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தா.

"இதில என்ன குழப்பம்? பெரியப்பா, சித்தப்பா, மாமா. எங்களிட்டயும் அப்படித்தானே!"

அன்று இரவு மூன்று நிரல் போட்ட தாள் ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் ஏறியது: சீனம், தமிழ், ஆங்கிலம். ஆங்கில நிரலில் 'அங்கிள்' என்ற ஒரே சொல் மூன்று தரம். தமிழ் நிரலை அம்மா சொல்லச் சொல்ல மகள் கேள்விப்பட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதினாள். எண்களும் அப்படியே. சீனத்தில் பதினொன்று 'பத்து-ஒன்று', இருபது 'இரண்டு-பத்து'. "பதினொன்று, இருபது, அதுவும் அப்படித்தான்" என்று அம்மா விரல் மடித்துக் காட்டினா.

சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டுப் பாட்டி மகளுக்குச் சிவப்பு உறையில் காசு தந்தா. "கைவிசேஷம்!" என்றா அம்மா. ஒரு வித்தியாசம்: நாங்கள் நூற்றொன்று வைப்போம், அவர்கள் இரட்டைப்படையாக வைப்பார்கள், நான்கை மட்டும் தவிர்ப்பார்கள். நான்கின் ஒலி சாவு என்ற சொல்லுக்கு நெருக்கம்.

ஒரு நாள் காலிக் கல்வெட்டின் படத்தை இருவருக்கும் காட்டினேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. 1911இல் காலியில் கண்டெடுத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். "எங்கட தாள் மாதிரி" என்றாள் மகள்.

இதெல்லாம் சொல்லி, அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். வரவில்லை. ஆனால் எனக்கு ஒன்று விளங்கியது. சீனத்துக்குத் தினமும் இருபது நிமிடம் கூட இருந்த நான், தமிழுக்கு ஒரு நாளும் இருக்கவில்லை. தமிழ் என்றால் எனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்ற வெட்கம். இப்போது சீனம் முடிந்ததும் அம்மாவிடம் பத்து நிமிடம், நானும் மகளும் சேர்ந்து. என் ழகரத்தையும் அம்மா திருத்துறா.

போன கிழமை தொலைபேசியில் என் அண்ணாவை மகள் 'அங்கிள்' என்று சொல்லாமல் 'மாமா' என்று கூப்பிட்டாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டன்" என்றாள்.