அம்மாவின் தாலாட்டும் ஒரு கம்ப்ரெஸரும்

ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி உறுமுற கம்ப்ரெஸர் இல்லை இது. ஃபைல் சைஸைக் குறைக்கிற சமாச்சாரமும் இல்லை. ஒலிப்பதிவுல, சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினா அமுக்குற கருவி. 4:1ன்னு வெச்சா, எல்லைக்கு மேல 8 டெசிபல் எகிறுற சத்தம் 2 டெசிபலோட நின்னுடும். அப்புறம் மொத்தத்தையும் தூக்கினா முணுமுணுப்பும் காதுல விழும்.

நாங்க புனேவுக்கு வந்து பதினோரு வருஷம். பொண்ணுக்குத் தமிழைவிட மராத்திதான் சரளம். அதனால தஞ்சாவூர்லேர்ந்து அம்மா வாரம் ஒரு பாட்டு போன்ல பாடி அனுப்புறாங்க. எல்லாம் அம்மாச்சிகிட்ட கேட்ட தாலாட்டு. அம்மாவுக்கு வயசு 76. வரியை எடுக்கும்போது கணீர்னு இருக்கு, முடிக்கும்போது மூச்சு போயிடுது. மாமன் கொண்டுவர்ற சீரெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லுலதான் வரும். "அப்பாயி என்னப்பா சொல்றாங்க?"ன்னு இவ கேட்பா.

அதுக்குத்தான் எல்ஏ-2ஏ மாதிரி ஒரு ப்ளகின். அசல், 1960கள்ல அமெரிக்காவுல வந்த வால்வு பெட்டி. உள்ளே ஒரு சின்ன ஒளிப்பலகை, எதிரே வெளிச்சம் பட்டா மின்தடை மாறுற செல். சத்தம் கூடினா பலகை ஒளிரும், குரல் இறங்கும். வெளிச்சம் போனாலும் செல் உடனே பழைய நிலைக்கு வராது. பாதி தூரம் சுமார் 60 மில்லிசெகண்ட்ல, மீதிக்குச் சில செகண்டுகூட ஆகும். அந்தச் சோம்பேறித்தனம்தான் தாலாட்டுக்குப் பொருத்தம். 1967 வாக்கில் வந்த 1176 படுவேகம், 20 மைக்ரோசெகண்ட்லயே பாயும். டிரம்ஸுக்கு சரி, அம்மாவுக்கு வேணாம் :-)

ஆனா ப்ளகின் மட்டும் போதாது. அமுக்கி அமுக்கித் தூக்கினா ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் சேர்ந்து ஏறும். அதனால முதல்ல ஒவ்வொரு வரி முடிவையும் மவுஸால கையாலேயே உயர்த்துவேன். அப்புறம்தான் கம்ப்ரெஸர், முள் 3 டெசிபலைத் தாண்டாம. தம்பி இரைச்சலை முழுசா துடைச்சுடச் சொல்றான். துடைச்சா மூச்சும் போயிடும், நான் மாட்டேன். "என்னடா, என் குரலைக் குமரியாக்கிட்டே!"ன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

போன வாரப் பாட்டுல நடுவுல நிறுத்திட்டாங்க. "அடுத்த வரி வரமாட்டேங்குதுடா." மாசத்துல இது மூணாவது தடவை. கும்பகோணத்துல இருக்கிற சித்திகிட்ட கேட்டிருக்கோம். அந்த இடத்தை டிராக்குல காலியா விட்டு வெச்சிருக்கேன். சித்தி பாடி அனுப்பினா அவங்க குரலும் அப்படியே அதுல இருக்கட்டும்.