வாட்டரும் எங்க சித்தியும்

நேத்து ராத்திரி தீபா மேத்தாவோட 'வாட்டர்' மறுபடி பார்த்தேன். தூக்கம் போச்சு.

மேத்தா அமிர்தசரஸ்ல பிறந்து 1973ல் கனடா போனவர். 1938ல் கங்கைக்கரையில் ஒரு விதவைகள் இல்லம், அங்கே கொண்டுவந்து விடப்படும் எட்டு வயசுக் குழந்தை. இதுதான் கதை. 2000ல் காசியில் எடுக்கப் போனப்ப செட்டை அடிச்சு உடைச்சாங்க. அப்புறம் வேற பேர் சொல்லி இலங்கையில் எடுத்து முடிச்சார். குழந்தையா நடிச்ச இலங்கைச் சிறுமிக்கு இந்தி தெரியாது, வசனத்தை அப்படியே மனப்பாடம் பண்ணிப் பேசியிருக்கா! அந்த இந்திப் படம் கனடா சார்பா ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு.

"வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு நம்ம மானத்தை வாங்குறாங்க"ன்னு அப்போ நானும் சொன்னவன்தான். ஊரை விட்டுப் போனவருக்கு உறுத்தினது, ஊரிலேயே இருந்த எனக்கு உறுத்தலை.

எங்க சித்தப்பா போய் ஒன்பது வருஷமாச்சு. அதுக்கப்புறம் எந்த விசேஷத்துலயும் சித்தி அடுப்படியை விட்டு முன்னால வந்ததில்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை.

அடுத்த மாசம் வீட்டுல கல்யாணம். மாப்பிள்ளை பொண்ணுக்கு ஆரத்தி எடுக்க சித்தியைத்தான் கூப்பிடப்போறேன். சண்டை வந்தா வரட்டும்.