சிவப்பு மை

முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தினேன். 'கண்டிப்பான தமிழய்யா' என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை விரும்பித்தான் சுமந்தேன். அந்தக் கண்டிப்பில் இருந்த குற்றத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் வகுப்பு. 'என் வீடு' என்ற கட்டுரையில் ஒரு மாணவி, 'எங்க அம்மா விடியுமுன்ன களையெடுக்கப் போயிரும். நான் எந்திரிச்சுப் பாக்கையில அம்மா இருக்காது' என்று எழுதியிருந்தாள். எழுந்து நின்று படிக்கச் சொன்னேன். "அம்மா என்ன ஆடா, மாடா? அஃறிணையில் எழுதுகிறாயே?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையால் அடித்தேன்.

அவள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் சொல்வார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை, உரிமை இருந்தது. என் அம்மாவும் பாட்டியைப் பற்றி 'ஆத்தா வந்துச்சு' என்றுதான் பேசுவார். அந்தப் பேச்சை மறைத்துக்கொண்டுதான் நான் தமிழாசிரியர் ஆனேன்.

தமிழ் கெட்டுப்போகிறது என்று மேடைதோறும் பேசியிருக்கிறேன். ஆனால் அது எப்போது மாறாமல் இருந்தது? 'கள்' விகுதியைத் தொல்காப்பியம் அஃறிணைக்குத்தான் சொல்கிறது. இன்று, ஏற்கெனவே பன்மையான 'மாணவர்' மீது அதையும் ஏற்றி 'மாணவர்கள்' என்கிறோம். பலரைக் குறித்த 'அவர்' ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லாயிற்று. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. லை, னை எழுத்துகளைப் பழைய வடிவில் எழுதிப் பழகியவன் நான். பெரியார் 1935இலேயே 'குடிஅரசு' இதழில் கையாண்ட வடிவங்களை 1978இல் அரசு ஏற்றபோது என் கையும் மாறிக்கொண்டது.

இவையெல்லாம் எனக்குத் தெரியும். வகுப்பில் நானே நடத்திய பாடங்கள். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதிகூட என் அலமாரியில் இருந்தது. இருந்தும், புலவர் கையில் மாறியதை 'வழக்கு' என்றேன். களையெடுப்பவர் வாயில் இருந்ததைக் 'கொச்சை' என்றேன். மொழிப்பற்று என்று நான் நம்பியதற்குள், உழைப்பவர் மீதான இளக்காரமும், என் வீட்டைப் பற்றிய வெட்கமும் இருந்தன.

எழுத்துத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது என் கடமை. "வீட்டில் இப்படிச் சொல்வோம், தேர்வில் இப்படி எழுதுவோம், இரண்டும் தமிழ்தான்" என்று சொல்லியிருந்தால் கடமையும் நிறைவேறியிருக்கும், அந்தக் குழந்தையும் தலைகுனிந்திருக்க மாட்டாள்.

அதன்பிறகு அவள் கட்டுரைகளில் பிழையே வரவில்லை. எல்லாம் உரைநூலைப் பார்த்து மனப்பாடம் செய்தவை. அவள் அம்மா அவற்றில் எங்குமே வரவில்லை. நான் முழு மதிப்பெண் போட்டேன்.