கார்த்தியின் முன்பல்

அன்புள்ள சுமதி,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த முன்பல்லுக்கு மேலே, ஈறில் மிளகளவு கொப்புளம், நுனியில் மஞ்சள். அது சூட்டுக் கொப்புளம் இல்லடி. பல்லுக்குள் நரம்பு செத்து, சீழ் வெளியே வர வழி பார்த்திருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்த அன்றைக்கே டாக்டரிடம் காட்டு என்றேன். "வலிக்கலைன்னு சொல்றான்க்கா" என்று விட்டுவிட்டாய். செத்த நரம்பு எப்படி வலிக்கும்? சரி, திட்டியாயிற்று.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நம்பியிருக்காதே. மாத்திரை ரத்தத்தோடுதான் போகும். செத்த பல்லின் உள்ளே ரத்த ஓட்டமே கிடையாது. காய்ச்சல் வந்தாலோ, உதடு, கன்னம் வீங்கினாலோ வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. மற்றபடி மருந்து பல்லுக்குள்ளேயே போய் உட்கார வேண்டும்.

அம்மா பிடுங்கிவிடச் சொல்கிறாளாம். அது பால்பல் இல்லை என்று அவளிடம் சொல். எட்டு வயசுப் பையனுக்கு முன்பல் போனால், தாடை வளர்ந்து முடியும்வரை இம்ப்ளான்ட் வைக்க முடியாது. சின்ன மாமா ஒரு போட்டோவிலாவது வாயைத் திறந்து சிரித்திருக்கிறாரா, யோசித்துப் பார்.

கார்த்திக்கு உள்ள சிக்கல் வேறு. முன்பல்லின் வேர் முழுசாக வளரப் பத்து வயசு ஆகும். இப்போது வேரின் நுனி திறந்திருக்கிறது, சுவரும் மெலிசு. பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி ரூட் கெனால் செய்து அடைத்தால், வேர் அப்படியே நின்றுவிடும். பின்னாளில் சின்ன அடி பட்டாலும் ஒடியலாம். அதனால்தான் முதலில் உள்ளே இருக்கும் கிருமியைக் கொன்று, வேர் மேலும் வளர ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கிறோம். கிருமிதான் எதிரி என்பதை 1965-லேயே அமெரிக்காவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்து விட்டபோது, அது அழுகவில்லை. தானாகவே மூடி ஆறியது.

கிருமியைக் கொல்ல, சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றையும் சம அளவில் குழைத்த பசை ஒன்று உண்டு. ஜப்பானில் ஹோஷினோவின் குழு 1996-ல் சோதித்துக் காட்டிய கலவை. முன்பெல்லாம் க்ரீம் மாதிரி கெட்டியாகக் குழைத்து வைத்தார்கள். அவ்வளவு கெட்டியானால் கிருமியோடு, வேரை வளர்க்க வேண்டிய ஸ்டெம் செல்லும் சாகிறது என்று பிறகு தெரிந்தது. இப்போது ஒரு மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம்தான் என்கிறார்கள். மினோசைக்ளின் பல்லைச் சாம்பல் நிறமாக்கிவிடும், முன்பல்லில் அது கூடாது. எனக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடே போதும் என்று தோன்றுகிறது. அது நம் சுண்ணாம்பின் சுத்தமான வடிவம்தான். மாதக்கணக்கில் விட்டால் பல் சுவரைப் பலவீனமாக்கும், சில வாரங்களுக்குப் பயமில்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் நுண்ணிழைகளையும் செய்து பார்க்கிறார்கள், கரையும் தையல் நூலுக்கான அதே பாலிமரில். அழகான யோசனை, ஆனால் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. அதுவரை கார்த்தியின் பல் காத்திருக்காது.

சில வாரம் கழித்து இரண்டாம் தடவை வரும்போது, மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு, மெல்லிய ஊசியால் வேர் நுனிக்கு அப்பால் லேசாகத் தூண்டி ரத்தம் வரவைப்போம். அது உள்ளே நிரம்பி உறைய வேண்டும், அதன்மேல்தான் புதுத் திசு ஏறும். மரத்துப்போக ஊசி போட்டிருப்போம், அவனுக்கு வலிக்காது. நீ ரத்தத்தைப் பார்த்து மயங்காதே, போதும்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். சிலருக்கு வேர் நீண்டு சுவர் தடிக்கிறது. சிலருக்குச் சீழ் ஆறுவதோடு சரி, வேர் வளர்வதில்லை. வளரும் திசுவும் பழைய நரம்பாகவே இருக்காது. ஆனாலும் முயற்சி பண்ணாமல் அவன் பல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும். "சரியாப்போச்சுக்கா" என்று நடுவில் நீ நின்றுவிடக் கூடாது.

பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதே, ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்கே டிக்கெட் போடு. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டு வா, என்ன கொடுத்தாய் என்று பார்க்கணும். எந்த மருந்தாவது அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு வா. கொப்புளத்தை ஊசியால் குத்தவோ, கிராம்புத் தைலம் தடவவோ அம்மாவை விடாதே.

அன்புடன்,
அக்கா