தாலியும் தாளும்

கோத்தா கோலா மூடா வட்டாரத்துப் பழைய தோட்ட லயங்களில் மனைவியர் கணவன் பெயரைச் சொல்லமாட்டார்கள், "ஏங்க" என்பார்கள். கணவன்மாரோ "இந்தா" என்பார்கள். பத்து வீட்டில் "ஏங்க" ஒலித்தாலும் உரியவர் மட்டுமே திரும்பிப் பார்ப்பது இல்லறத்தின் நுட்பம்!

பதிவலுவலகத்திற்கு இந்நுட்பம் விளங்குமா? 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிமல்லாதார் மணங்களைப் பதிவது கட்டாயமாயிற்று. கெட்டிமேளம் முழங்க மூன்று முடிச்சுப் போட்டவர், நான்காம் முடிச்சாகக் கையொப்பமும் இடவேண்டியதாயிற்று.

அடையாளக் கார்டோ இன்னும் வேடிக்கை. நாற்பதாண்டு சமைத்துப் போட்டாலும் அதில் அவள் 'அனாக் பெரெம்புவான்'. அதாவது, இன்னாருடைய மகள். கணவன் பெயருக்கு அங்கே இடமில்லை. வீட்டில் அதிகாரம் செலுத்தும் ஆடவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

சிரிப்புக்கு அப்பாலும் ஒன்றுண்டு. கணவன் மறைந்தபின் அவன் சேமிப்பைப் பெறச் செல்லும் கைம்பெண்ணிடம், "நீ மனைவி என்பதற்குச் சான்று எங்கே?" என்பார்கள். தாலியைக் கழற்றிய பிறகே அக்கேள்வி வருகிறது. கழுத்தில் கிடந்தவரை ஊரே சாட்சி. கழன்றபின் தாளே சாட்சி. ஆதலின் மணமக்களே, நகைப்பெட்டியில் அத்தாளுக்கும் ஓரிடம் கொடுங்கள்.